நெய் ஓடிய முதுகு

பூவாணிமங்கலத்துல ஊருக்கே முதுகு வளையாமப் போச்சுன்னு சொன்னா பஸ்ஸுல பக்கத்துல இருக்கவ சிரிக்கா, ஆஸ்பத்திரியில சீட்டு எழுதுதவன் சிரிக்கான், சிரிச்சுட்டுப் போகட்டும், அவியளுக்கென்ன, குனிஞ்சு செருப்பை மாட்டுதாவ, குனிஞ்சு கோலம் போடுதாவ, குனிஞ்சு பிள்ளையத் தூக்குதாவ, குனியதுன்னு ஒண்ணு இருக்குன்னே நெனப்பில்லாமக் குனியுதாவ. எங்களுக்குத்தான் தெரியும் அந்த அருமை. நான் சுடலி, உச்சிமாகாளிக்குப் பக்கத்து வீட்டுக்காரி, அவகூட ஒரே வயல்ல இறங்கி நடவு நட்டவ, இதை நான் சொல்லாம வேற யாரு சொல்லுவா.

மடத்துல பந்தி மண்டபம் பத்தலைன்னு புதுசாக் கட்ட அஸ்திவாரம் தோண்டுனாவ. மடம்னா எங்க ஊர்ல சும்மா இல்ல, வயக்காட்டுல முக்காவாசி மடத்து வயல், நாங்க நடுதது மடத்து நாத்து, அறுக்கது மடத்துக் கதிரு, அதுக்கெல்லாம் மேல காரியஸ்தர் குற்றாலலிங்கம், நல்ல கனத்த ஆளு, நெத்தி நிறையப் பட்டை, வயித்து மேல துண்டு, தெருவுல வந்தாருன்னா முதல்ல வயிறு வரும், அப்புறந்தான் அவரு வருவாரு. தோண்டுன எந்திரம் பழைய செங்கல்ல முட்டி நின்னுச்சு. செங்கலை விலக்கிப் பாத்தா உள்ள ஒரு ஆளு சம்மணம் போட்டு உக்காந்துருக்காரு, வெறும் எலும்பா, மார் வரைக்கும் விபூதியும் உப்பும் கெட்டிச்சுப் போயி, கிழக்க பாத்து. மடத்துப் பெரியவியள அப்படி உக்கார வச்சுத்தான் பொதைப்பாவ, அது எங்களுக்குப் புதுசில்ல. அவரைச் சுத்தி வெறும் மண்ணுல, செங்கலும் இல்லாம உப்பும் இல்லாம, நாலஞ்சு பேரு படுத்த வாக்குல கெடந்தாவ.

எலும்பு பாக்கதுக்கு அரசாங்கத்துல இருந்து ரெஜினா டீச்சர் வந்தாவ. காலேஜுல பெரிய படிப்புச் சொல்லிக் குடுக்கவியளாம், ஆனா எங்க தெருப் பொம்பளையளோட டீ குடிச்சுக்கிட்டு, கேட்டதுக்கெல்லாம் பதில் சொல்லுவாவ. உக்காந்துருந்தவரோட முதுகைத் தொடச்சுட்டு எங்களைக் கூப்பிட்டுக் காட்டுனாவ. மணி கோத்த மாதிரி தனித்தனியா இருக்க வேண்டிய எலும்பு, வலப்பக்கமா நெய் வழிஞ்சு உறைஞ்ச மாதிரி ஒண்ணோட ஒண்ணு ஒட்டி, மேல இருந்து கீழ வரைக்கும் ஒரே கம்பா நின்னுச்சு.

"இது ஒரு சீக்கு," அப்படின்னாவ. "நல்லாச் சாப்பிட்டு, உடம்பு கனத்து, உக்காந்த இடத்துலேயே இருந்தவங்ககிட்ட இதை நிறையப் பாக்கோம். இந்த மாதிரி மடத்துல, அரண்மனையில புதைச்ச ஆட்களுக்கு வரும். வெளிய புதைச்சவங்களுக்குக் குறைச்சல்தான்."

காரியஸ்தருக்கு மூஞ்சி சிவந்துட்டு. "சீக்கா? யாரைப் பாத்தும்மா சீக்குங்கீங்க? யோகத்துல உக்காந்து உக்காந்து தண்டு ஒரே கம்பா ஆயிருக்கு. சாமி யாருக்கும் தலை வணங்காதவிய. எலும்பே சொல்லுதுல்லா!"

"அப்படியும் வச்சுக்கலாம் சார். ஆனா வணங்கணும்னு நெனச்சிருந்தாலும் அவரால முடிஞ்சிருக்காது," அப்படின்னாவ டீச்சர்.

உச்சிமாகாளி, எங்களுக்கு உச்சி, அப்ப குழி ஓரத்துல நின்னா. அவளைப் பத்திச் சொல்லிருதேன். நடவுக்குப் போற எங்க கூட்டத்துக்கு அவதான் தலைவி, அவ வான்னா வருவோம், அவ கரையேறுனா ஏறுவோம். சின்ன வயசுல நாத்துக் கட்டும் கதிர்க்கட்டும் சுமந்து, பிள்ளை வயித்துல இருக்கும்போதும் குனிஞ்சு நட்டு, முதுகு அப்படியே வளைஞ்சது வளைஞ்சதுதான், திரும்ப நிமிரல. எல்லாரும் ஆளைப் பாத்துப் பேரு சொல்லுவோம், அவ காலைப் பாத்துச் சொல்லுவா. பெருவிரல் பிரிஞ்சு நின்னா நான், பாதம் வீங்கியிருந்தா காரியஸ்தரு, மருதாணி இருந்தா மக முப்பிடாதி. அம்மாகிட்ட மூஞ்சிக்கு மூஞ்சி பேசணும்னா முப்பிடாதி தரையில மல்லாக்கப் படுத்துக்கிடுவா, இவ மேல இருந்து சிரிப்பா, சின்னப் பிள்ளையில இருந்து அப்படித்தான். இப்ப முப்பிடாதி மாசமாகி வயிறு பெருத்துட்டு, படுத்தா எழுந்திரிக்க முடியல, அதனால ரெண்டு பேரும் மூஞ்சி பாத்துப் பேசியே ரொம்ப நாளாச்சு.

அன்னைக்குக் குழி ஓரத்துல, கீழ கெடந்த எலும்புல ஒண்ணைக் காட்டி டீச்சர் சொன்னாவ, "இவங்க பாரம் சுமந்தவங்க. பல்லக்குத் தூக்குனவங்களா இருக்கலாம். முதுகெலும்பு நசுங்கி, முன்னால வளைஞ்சிருக்கு." உச்சி பாத்துக்கிட்டே நின்னா. கீழ இருக்கதைப் பாக்கதுக்கு அவளுக்கு மட்டும் குனிய வேண்டியதில்லையே. "ஏளா சுடலி, இது என் முதுகுல்லா," அப்படின்னா.

எலும்பைப் பெட்டியில வச்சுக் கொண்டுபோகணும்னு டீச்சர் சொன்னாவ. காரியஸ்தர் விடல. சாமி எந்திரிச்சு வந்துருக்காவ, சும்மா அனுப்புனா ஊருக்கு ஆகுமா, ஒரு வேளைச் சோறு போட்டுத்தான் அனுப்பணும்னாரு. எங்க ஊர்ல பந்தியில யாருக்கு முதல் இலைங்கதுல தலைமுறை தலைமுறையா வெட்டுக்குத்து, கல்யாணம் நின்னுருக்கு, அண்ணன் தம்பி பேச்சுவார்த்தை அத்துருக்கு. இந்த ஆளு பாத்தாரு, செத்தவருக்கே முதல் இலை போட்டா, அவருக்குப் பக்கத்து இலை தனக்குத்தான, இனி எந்தப் பயலும் கேக்க முடியாதுல்லா. டீச்சர் தலையில அடிச்சுக்கிட்டாவ. கேட்டாத்தான.

அப்படியாக, மண்டை ஓட்டுல பட்டு கட்டி, கழுத்துல மாலை போட்டு, பந்தியோட தலைமாட்டுல எலும்பை உக்கார வச்சாவ, ஓரம் கிழியாத தலைவாழை இலை போட்டாவ, பொரியல் வச்சாவ, கூட்டு வச்சாவ, சோத்தைக் குவிச்சாவ, பருப்பை ஊத்துனாவ, ஊரு பூராவும் பின்னால பின்னால உக்காந்து, கடைசியில எங்க தெரு, அதுக்கும் பின்னால எச்சில் இலை எடுக்கதுக்கு உச்சியும் நானும் கூடையோட நின்னோம். நெய்க் கரண்டி வந்துச்சு. எலும்போட இலையில நெய் விழுந்துச்சு.

சடக்.

பந்தி முழுக்க ஒரே சத்தம், சுள்ளி ஒடிச்ச மாதிரி. சோத்துல கை வச்சவன் கை வச்சபடி இருந்தான், வாய் கிட்ட வரல, முதுகு நட்டமா நின்னுச்சு, முன்னால சாயல. காரியஸ்தர் இலையைத் தொடப் பாத்தாரு, விரல் நுனிக்கும் அப்பளத்துக்கும் ஒரு சாண் தூரம். இலை போட்டவன், நீர் ஊத்துனவன், டீச்சர், நான், தெருவுல போன தபால்காரர், எல்லாருக்கும் கழுத்துல இருந்து இடுப்பு வரைக்கும் ஒரே கம்பு. உக்காரலாம், நிக்கலாம், நடக்கலாம், குனிய முடியாது, குத்தவைக்க முடியாது.

என் பக்கத்துல கூடை விழுந்த சத்தம் கேட்டுத் திரும்புனேன். உச்சி நிமிர்ந்து நின்னா. என்னைவிட உயரமா இருந்தா! இத்தனை வருசம் பக்கத்து வீட்டுல இருந்துட்டு, அவ என்னைவிட உயரம்னு எனக்குத் தெரியாது. என் மூஞ்சியவே பாத்தா. "நீயாளா சுடலி? உனக்கு நரைச்சுட்டேளா," அப்படின்னு அழுதா. நானும் அழுதேன், எதுக்குன்னு கேட்டாச் சொல்லத் தெரியல.

அப்புறம் ஊரு அதுக்குத் தக்கன மாறுச்சு, மாறாம என்ன செய்ய. இலையை மதில்மேல போட்டுச் சாப்பிட்டோம், தொட்டி மேல அடுப்பு வச்சோம், வாரியலுக்குக் கம்பு கட்டிக் கூட்டுனோம், பின்ன குனியாமக் கோலம் எப்படிப் போட, சுவத்துல போட்டோம். காலையில உத்தரத்துல கட்டுன கயித்தைப் பிடிச்சு ஒருத்தரை ஒருத்தர் இழுத்து எழுப்புனோம். பால் பீச்ச மாட்டைத் திண்டுமேல ஏத்துனாவ, அதுக்கென்ன, மாடு சாணியையும் அங்கயே போட்டுச்சு. வெளிக்குப் போன கதையைக் கேக்காதீங்க, அது பட்டவிய பாடு. வாய்க்கால் பாலத்தைத் தாண்டி உள்ள வந்தவனுக்கும் சடக், உள்ள இருந்து வெளிய போனாலும் விடல, கூடவே வருது, அதனால வெளியூர்க்காரன் வாரதை நிறுத்துனான், சம்பந்தம் பேச வந்தவிய பாலத்து அந்தப் பக்கமே நின்னு கூவிக் கூவிப் பொண்ணு கேட்டாவ.

இதுல ஒரு கூத்து. முதல்ல, காரியஸ்தர் இருக்க மேலத் தெருக்காரவியளுக்கு இது பெருமையாத்தான் இருந்துச்சு, சாமி தன்னோட முதுகை நமக்குத் தந்துட்டாவன்னு. கொஞ்ச நாள்லதான் உறைச்சுது. எங்க தெருவும் நிமிர்ந்துல்லா நிக்குது! வரப்புல காரியஸ்தர் எதிர வந்தா ஒருத்தன் குனியல, கும்பிட்டாலும் நட்டமா நின்னு நேரா மூஞ்சியப் பாத்துக் கும்பிடுதான். அவரு கண்ணை எங்க வைக்கதுன்னு தெரியாம அங்கயும் இங்கயும் பாத்தாரு. உச்சி அவரை ஆசை தீரப் பாத்துட்டு என் காதுல சொன்னா, "இந்தக் காலுக்கு இவ்வளவு சின்ன மூஞ்சியாளா?" நான் சிரிச்ச சிரிப்புல விலா பிடிச்சுக்கிட்டு.

ஆனா வயலு? வாய்க்கால்ல தண்ணி வந்துட்டு, நாத்தங்கால்ல நாத்து முத்துது, குனியாம யாரு பறிக்க, யாரு நட. வரப்புல வரிசையா நின்னு வயலைப் பாத்தோம், வயலும் எங்களைப் பாத்துச்சு. எலும்பைப் பழைய குழியில உக்கார வச்சாத்தான் சரியாகும்னு காரியஸ்தர் சொன்னாரு, கயித்தைக் கட்டி இறக்கவும் செஞ்சாவ. எலும்பு ஒரு பக்கமாச் சரிஞ்சு செங்கல்ல சாஞ்சுக்கிட்டு, சரி பண்ணக் கை வேணும், கைக்குக் குனியணும். நாளெல்லாம் குழியைச் சுத்தி நின்னாவ, ஒருத்தர் ஒருத்தரைக் கோவிச்சாவ, இருப்புக் கொள்ளாம ஊரே நடந்துக்கிட்டே இருந்துச்சு, வடக்க போயி தெக்க வந்து, தெக்க போயி வடக்க வந்து.

நான் ஒருநா உச்சி வீட்டுக்குள்ள சொல்லாமப் போயிட்டேன். அடுப்பங்கரையில வெங்காயம் உருண்டு கெடந்துச்சு. உச்சி குனிஞ்சு பொறுக்கிட்டு இருந்தா! குனிஞ்சா, எடுத்தா, நிமிர்ந்தா. குனிஞ்சா, எடுத்தா, நிமிர்ந்தா. ஊர்ல ஒருத்தருக்கும் இல்லாத முதுகு அவளுக்கு மட்டும் வந்துருக்கு, ரெண்டும் செய்யுது.

என்னைப் பாத்ததும் ஓடிவந்து வாயைப் பொத்துனா. "ஏளா, உன் காலைப் பிடிக்கேன், வெளிய சொல்லிராத. தெரிஞ்சா குழிக்குள்ள என்னைத்தான் இறக்குவாவ. அவரு திரும்பப் போயி உக்காந்தா எல்லாருக்கும் பழைய முதுகு வரும். எனக்கு எது பழைய முதுகு? யோசிச்சுப் பாரு."

"வயலு?" அப்படின்னேன்.

"அவிய வயலு. என் முதுகுளா இது. என் மக மூஞ்சிய இப்பத்தான் நேரா நின்னு பாக்கேன். பேரப்பிள்ளையத் தோள்ல போட்டு நடக்கணும். அது ஒண்ணு போதும்."

நான் சொல்லல. சத்தியமாச் சொல்லல. அவளை எப்படி நான் குழிக்குள்ள தள்ளுவேன்.

முப்பிடாதிக்கு ஒரு மத்தியானம் வலி வந்துட்டு. போன் பண்ணி வந்த ஆம்புலன்ஸு பாலத்தைத் தாண்டுச்சு, உள்ள இருந்த பையன்மாருக்குச் சடக், டிரைவருக்குச் சடக், தூக்கதுக்கு ஆளில்ல. ஊரு நர்ஸு எஸ்தரம்மா மேசைமேல படுக்க வச்சுப் பாத்தாவ. பிள்ளை தலை திரும்பி நிக்கு, வழியில நிக்கு, இறங்கல. முப்பிடாதி கத்துன கத்து தெருக் கோடி வரைக்கும் கேட்டுச்சு. எஸ்தரம்மா வெளிய வந்து உச்சியப் பாத்து மறைக்காமச் சொன்னாவ, "தாய் உடம்பு வளைஞ்சு குடுத்தாத்தான் பிள்ளைக்கு வழி. இவ பலகை மாதிரி கெடக்கா. இப்படியே இருந்தா ரெண்டு உசிரும் தங்காது."

உச்சி உள்ள போனா, மக மூஞ்சிய ரெண்டு கையிலயும் பிடிச்சு, நேரா நின்னு, கண்ணு, மூக்கு, நெத்தி, காது ஓரத்துல இருக்க மச்சம் வரைக்கும் பாத்தா. "அம்மா இந்தா வாரேன்," அப்படின்னா. வெளிய வந்து மடத்துப் பக்கம் நடந்தா, நான் பின்னாலேயே ஓடுனேன். "ஏளா உச்சி, ஏளா!" கூப்பிட்டுக்கிட்டே ஓடுதேன்.

குழி ஓரத்துல ஊரே நின்னுச்சு. அத்தனை பேருக்கும் முன்னால உச்சி குனிஞ்சு, கையை ஊணி, குழிக்குள்ள இறங்குனா. ஆ-ன்னாவ எல்லாரும். காரியஸ்தர் கை ரெண்டையும் தூக்கிட்டாரு. "இவளுக்கு வளையுதே! ஏட்டி, இத்தனை நாளா மறைச்சியா? சரி சரி, கிழக்க பாக்க வை. நட்டமா உக்கார வை. விபூதியப் போடு."

உச்சி எலும்பைத் தூக்கி உக்கார வச்சா, சரிஞ்சுச்சு. திரும்ப வச்சா, திரும்பச் சரிஞ்சுச்சு. அவரு முதுகுல கையை வச்சா, அந்த நெய் வழிஞ்ச பக்கமாத் தடவுனா, மேல இருந்து கீழ வரைக்கும், கைப்பிள்ளைக்கு எண்ணெய் தேய்க்கதுமாதிரி. அவளுக்குக் கோவம் வரும்னு நான் நெனச்சேன். வரல. "பாவம்ளா சுடலி இந்த மனுசன்," அப்படின்னா. "ஒரு பிள்ளையக்கூடக் குனிஞ்சு தூக்கியிருக்க மாட்டாரு." அப்புறம் அவர்கிட்டயே சொன்னா, "உக்காந்தது போதும் சாமி. படுங்க."

அவரைப் படுக்கப் போட்டா. மத்தவிய பக்கத்துல, வெறும் மண்ணுல, ஒருச்சாய்ச்சு, காலு மடங்குன மாதிரியே.

"ஏட்டி! படுக்கப் போடாத! மடத்துப் பெரியவிய! உக்கார வைட்டி!" காரியஸ்தர் குதிச்சாரு, ஆனா குனிஞ்சு தடுக்க முடியலையே, குதிக்கத்தான் முடிஞ்சுது. உச்சி கையால மண்ணைத் தள்ளுனா, ஒரு பிடி, இன்னொரு பிடி, தலை மறையுத வரைக்கும்.

சடக் சடக் சடக்குன்னு ஊரு முழுக்க. என் முதுகு தளர்ந்துச்சு, அப்படியே குத்தவச்சுட்டேன், குத்தவைக்கது அவ்வளவு சுகமா! டீச்சர் மண்ணுல உக்காந்து முட்டியைக் கட்டிக்கிட்டு அழுதாவ. சனம் முழுக்கக் குனிஞ்சும் நிமிந்தும் பாத்துக்கிட்டே, சிரிச்சுக்கிட்டே, நாத்தங்காலைப் பாத்து ஓடுச்சு. எங்க தெருப் பக்கம் இருந்து பிள்ளை அழுத சத்தம் வந்துச்சு.

"ஏளா, உன் பேரப்பிள்ளை!" அப்படின்னு குழிக்குள்ள எட்டிப் பாத்தேன். உச்சி சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு அசையாம நின்னா. "சுடலி, என் முதுகைப் பாத்துச் சொல்லு," அப்படின்னா. "எனக்கு மண்ணு மட்டுந்தான் தெரியுது."

நான் பாத்தேன். அந்தப் பழைய வளைவு, அச்சுப் பிசகாம, அப்படியே வந்து உக்காந்துருந்துச்சு. நான் சொல்லுததுக்கு முன்னால அவளே புரிஞ்சுக்கிட்டா. "சரி, கையைக் குடு. பிள்ளையப் பாக்கணும்," அப்படின்னா. மேல ஏத்திவிடதுக்கு நானும் டீச்சரும்தான் இருந்தோம். ஊரைக் காக்க இறங்குனவளைத் தூக்கிவிட ஊர்ல ஒரு பய இல்ல. இன்னைக்கு நெனச்சாலும் எனக்குப் பத்திக்கிட்டு வருது.

பேத்தி. நல்ல கறுப்பு, நல்ல குரல். டீச்சர் உக்காந்துருந்தவரோட எலும்பைத் திரும்பத் தோண்டல, அவர் அங்கேயே படுத்துருக்கட்டும், பாத்ததை எழுதுனாப் போதும்னு போயிட்டாவ. பந்தி மண்டபத்தைப் பிறகு தள்ளிக் கட்டுனாவ.

குழிய மூடுன மறுநா வெள்ளென, வெயில் ஏறுததுக்கு முன்னால, காரியஸ்தர் எங்க தெருவுக்கு வந்தாரு. அந்த ஆளு எங்க தெருவுக்குள்ள கால் வச்சு நான் பாத்ததில்ல. நாத்து முத்தி மஞ்சளாகுது, முந்தின நாள் ஓடுன சனம் அதைப் பாத்துட்டுத் திரும்புனதோட சரி, உச்சி வராம எந்தப் பொம்பளையும் வயல்ல இறங்கல, நாங்க எல்லாரும் அவ வாசல்ல நின்னோம். உச்சி வாசப்படியில இருந்தா, மடியில பேத்தி, மூஞ்சி பிள்ளைமேல கவுந்து.

"ஏளா உச்சி," அப்படின்னாரு காரியஸ்தர். "நேத்து நடந்ததை மறந்துருவோம். ஆளுவளைக் கூட்டிட்டு வா. நடவு நடணும்."

"யாரு?" அப்படின்னா உச்சி.

"யாரா? நாந்தான்ட்டி. தெரியல?"

"காலு தெரியுது," அப்படின்னா. "இம்புட்டு நாளும் காலோட பேசுனேன். நடுவுல நாலு நாளு மூஞ்சி பாத்துப் பழகிட்டேன், இனி காலோட பேச வரல. மூஞ்சியக் காட்டிப் பேசுங்க."

அவரு எங்களைப் பாத்தாரு. நாங்க அவரைப் பாத்தோம். ஒருத்தியும் அசையல. மேலத் தெருவுல எவனாவது பாக்கானான்னு திரும்பிப் பாத்துக்கிட்டாரு, பாக்கத்தான் செஞ்சான். துண்டை எடுத்து மூஞ்சியத் தொடச்சாரு. முன்னால சாஞ்சாரு, வயிறு தடுத்துச்சு. முட்டியை மடக்குனாரு, மொளுக்குன்னுச்சு. அப்புறம் ஒரு கையைத் தரையில ஊணி, வாசல் தெளிச்ச தண்ணியில, சாணிச் சகதியில, மூச்சு வாங்க மூச்சு வாங்க, இறங்கி இறங்கி, கடைசியில வேர்த்து ஒழுகுத அந்தச் சின்ன மூஞ்சி, உச்சி மூஞ்சிக்கு நேரா, பேத்தி தலைக்குப் பக்கத்துல வந்து நின்னுச்சு.

உச்சி அவசரப்படல. கண்ணைப் பாத்தா, மூக்கைப் பாத்தா, நெத்திப் பட்டையைப் பாத்தா.

"ம்," அப்படின்னா. "இப்பச் சொல்லுங்க."